குலாம் காசிம் கொடுத்த குதிரை

1829-ஆம் ஆண்டு மதராஸில் ஒரு சதுரங்க நூல் அச்சானது. காயைக் கொடுத்துத் தொடங்கும் ‘முஸியோ காம்பிட்’ என்ற தாக்குதல் ஆட்டத்தைத் துருவி ஆராய்வது அதன் முதல் வேலை. மதராஸுக்கும் ஹைதராபாத்துக்கும் இடையே தபால் வழியாக நடந்த இரண்டு ஆட்டங்களைக் குறிப்புகளோடு தருவது இரண்டாவது. முகப்புப் பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. முதலில் மதராஸைச் சேர்ந்த குலாம் காசிம். அடுத்து மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஜேம்ஸ் காக்ரேன். மதராஸ் தரப்பு ஆட்டத்தை முன்னின்று நடத்தியவர் குலாம் காசிமே என்றும் அந்தப் பக்கம் சொல்கிறது. கும்பெனி ஆட்சிக் காலம் அது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரோடு சேர்ந்து வெளிவந்த நூலில் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு அவருடைய இடம் இவ்வளவு துலக்கமாகக் கொடுக்கப்பட்டிருப்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

சென்னையின் சதுரங்கக் கதையை நாம் 1961-இல் தொடங்குவதுதான் வழக்கம். அந்த ஆண்டு மானுவேல் ஆரோன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1972-இல் சோவியத் கலாச்சார மையத்தில் டால் செஸ் கிளப் தொடங்கியது. 1988-இல் விஸ்வநாதன் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர், 2001-இல் எஸ். விஜயலட்சுமி நாட்டின் முதல் ‘உமன் கிராண்ட்மாஸ்டர்’, 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன். இந்த வரிசை நமக்குப் பெருமை தருவது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆரோனுக்கு 132 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊர் உலகச் சதுரங்கத்துக்கு ஒன்றைத் தந்துவிட்டது. ‘குலாம் காசிம் காம்பிட்’ என்ற பெயரில் ஓப்பனிங் அகராதிகளில் இன்றும் அது இருக்கிறது. ஊர்க்காரர்களான நமக்குத்தான் அந்தப் பெயர் பழக்கமில்லை.

பழைய தாக்குதல் ஆட்டங்களை ரசிப்பவர்கள் உண்டு, மனப்பாடம் செய்பவர்களும் உண்டு. அவற்றை ஆவணங்களாகப் படிக்கலாம் என்பது என் எண்ணம். ஒருவர் குதிரையை வெட்டுக் கொடுக்கிறார் என்றால், எதிரே இருப்பவருக்கு எது தெரியாது என்பதைக் கணித்துத்தான் கொடுக்கிறார். அந்தக் காலத்தில் தற்காப்பு எவ்வளவு வளர்ந்திருந்தது, எந்த நூல்கள் கைக்குக் கிடைத்தன, எந்த விதிகளில் கை பழகியிருந்தது எல்லாமே அந்த ஒரு நகர்த்தலில் பதிந்து கிடக்கின்றன. நில ஆவணத்தையோ கல்வெட்டையோ படிப்பதுபோல அதையும் படித்துவிட முடியும்.

முஸியோவைப் பலகையில் வைத்துப் பார்ப்போம். வெள்ளை ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னேறுகிறது. கறுப்பும் அப்படியே செய்கிறது. அடுத்து வெள்ளை, ராஜாவுக்குப் பக்கத்து பிஷப்பின் முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி வெட்டுக் கொடுக்கிறது. கறுப்பு வெட்டுகிறது. வெள்ளைக் குதிரை வெளியே வருகிறது. வெட்டி எடுத்த சிப்பாயைக் காப்பாற்ற, கறுப்பு தன் குதிரை வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. வெள்ளையின் பிஷப் வெளியே வந்து, கறுப்பு ராஜாவின் பக்கத்து பிஷப்பின் முன் இருக்கும் சிப்பாயைக் குறி வைக்கிறது. கறுப்பு மறுபடியும் குதிரை வரிசைச் சிப்பாயைத் தள்ளுகிறது. இப்போது வெள்ளைக் குதிரைக்கு ஆபத்து. யாராக இருந்தாலும் குதிரையை நகர்த்துவார்கள். முஸியோ ஆடுபவர் குதிரையைத் தொடுவதில்லை, கேஸ்லிங் செய்துவிடுகிறார். நம் பழைய ஆட்டக்காரர்கள் கோட்டை கட்டுவது என்பார்களே, அதுதான். கறுப்பு குதிரையை வெட்டுகிறது, வெள்ளை ராணி அந்தச் சிப்பாயை வெட்டி வெளியே வருகிறது.

இந்த இடத்தில் காய்களை எண்ணிப் பார்த்தால் சிப்பாய்கள் இரு பக்கமும் ஏழு ஏழாகச் சமம், வெள்ளைக்கு ஒரு முழுக் குதிரை குறைவு. பதிலுக்குக் கிடைத்தது என்ன? வெள்ளையின் ராணி, யானை, பிஷப் மூன்றும் வேலைக்குத் தயாராக நிற்கின்றன. கறுப்பின் காய்களில் சிப்பாய்களைத் தவிர ஒன்றுகூட வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, அந்த பிஷப் முன் சிப்பாயின் கட்டம். ஆட்டத்தின் தொடக்கத்தில் அதை ராஜாவைத் தவிர வேறு யாரும் காவல் காப்பதில்லை. வெள்ளை பிஷப்பின் கண் ஏற்கனவே அதன் மேல்தான். வெள்ளை ராணியும் யானையும் அதே நெடுவரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன, நடுவே தடையாக இருப்பது கறுப்பின் ஒரே ஒரு சிப்பாய். ஒரு குதிரையின் விலைக்கு நேரத்தை வாங்கியாயிற்று. அந்த நேரம் தீர்வதற்குள் ஆட்டத்தை முடித்தாக வேண்டும்.

இத்தாலியில் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜூலியோ செசாரே போலெரியோவின் கையெழுத்துப் பிரதிகளில் இந்த ஆட்டம் காணப்படுகிறது. பின்னர் நேப்பிள்ஸைச் சேர்ந்த அலெஸ்ஸாண்ட்ரோ சால்வியோ இதைப் பதிவு செய்தார். ஜெரோனிமோ காஷியோ என்பவர் இப்படி ஆடியதை முஸியோ என்பவர் பார்த்துவந்து சொன்னதாக அவர் எழுதினார். 1813-இல் லண்டனில் சால்வியோவை ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஜேக்கப் சாரட், பார்த்தவரின் பெயரையே ஆட்டத்துக்குச் சூட்டிவிட்டார். ஆடியவர் மறைந்துபோனார், வேடிக்கை பார்த்தவர் நிலைத்துவிட்டார். சதுரங்க வரலாற்றில் பெயர்கள் நிற்பதும் போவதும் பல சமயம் இப்படித்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் குலாம் காசிம் அதிர்ஷ்டசாலி.

அவர் பெயரில் இருக்கும் கிளை ஆட்டம் இதுதான். குதிரை ஆபத்தில் இருக்கும் அதே நிலை. கேஸ்லிங் செய்ய வேண்டிய இடத்தில் வெள்ளை, ராணியின் முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. குதிரை போகட்டும், ராஜாவும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பலகையின் நடுவே இரண்டு சிப்பாய்கள் தோளோடு தோள் நிற்கின்றன. அடைந்து கிடந்த இன்னொரு பிஷப்புக்கும் வழி திறந்து, அது கறுப்பின் முன்னேறிய சிப்பாயை நேராகப் பார்க்கிறது. கேஸ்லிங்கைத் தேவைப்பட்டால் பிறகு செய்துகொள்ளலாம். முஸியோ ராஜாவைப் பத்திரப்படுத்திவிட்டுத் தாக்குகிறது. குலாம் காசிமின் ஆட்டம் நடுக்களத்தைப் பிடித்துக்கொண்டு தாக்குகிறது.

இதில் எனக்குப் பெரிதும் ஆர்வமூட்டுவது விதிகளைப் பற்றிய கேள்வி. அன்று இந்தியாவில் வழங்கிய சதுரங்கத்துக்கும் ஐரோப்பியச் சதுரங்கத்துக்கும் காய்கள் ஒன்றுதான், விதிகள் வேறு. ஊருக்கு ஊர் சிறு மாற்றங்கள் உண்டு என்றாலும், பொதுவாக நம் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே போகும். கேஸ்லிங் கிடையாது. அதற்குப் பதிலாக, செக் வாங்காத ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவிக்கொள்ளலாம். கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் நினைத்த காயாக மாறிவிட முடியாது, அது எந்தக் காயின் வரிசையில் போய்ச் சேர்ந்ததோ அந்தக் காயாகவே மாறும். இந்த விதிகளை வைத்துக்கொண்டு முஸியோவை ஆடிப் பாருங்கள். ஆடவே முடியாது. வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் பாய வழியில்லை, கறுப்பின் குதிரை வரிசைச் சிப்பாயும் அப்படியே, கேஸ்லிங் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆக, மதராஸில் உட்கார்ந்து முஸியோவை ஆராய்ந்தவர் தன் ஊர் ஆட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இன்னொரு ஆட்டத்தின் மிகக் கூர்மையான, மிகச் சிக்கலான மூலைக்குள் போயிருக்கிறார். போனது மட்டுமா, அங்கே தன் பெயரையும் பதித்துவிட்டு வந்திருக்கிறார்.

கேஸ்லிங் இல்லாத சதுரங்கம் வழங்கிய ஊரிலிருந்து வந்த ஒருவருக்கு, ‘இந்த நிலையில் கேஸ்லிங் அவசரமா?’ என்ற கேள்வி இயல்பாகவே எழுந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். ஐரோப்பிய ஆட்டக்காரரின் கை பழக்கத்தால் ராஜாவைத் தூக்கும் இடம் அது. அந்தப் பழக்கம் இல்லாத கண்ணுக்கு நடுக்களம் முதலில் தெரிந்திருக்கலாம். இது ஊகம்தான். ஆனால் பலகையில் அந்த இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஆடிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது வலுப்படுகிறது.

அந்த மதராஸ்–ஹைதராபாத் தபால் ஆட்டங்கள் நடந்த 1828-இல் மதராஸில் ரயில் இல்லை, தந்தி இல்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்ப இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன. துறைமுகமும் கட்டப்படவில்லை. கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் ஆட்களும் மசூலாப் படகுகளில் அலை தாண்டிக் கரைக்கு வந்தார்கள். ஹைதராபாத்துக்குக் கடிதம் போக வேண்டுமென்றால் தபால் ஓட்டக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றிச் சுமந்து ஓட வேண்டும். ஒரு சிப்பாயை நகர்த்தி எழுதி அனுப்பிவிட்டுப் பதிலுக்காக நாள் கணக்கில் காத்திருந்திருக்கிறார்கள். அதே காலத்தில்தான் லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் 1824 முதல் 1828 வரை ஒரு தபால் போட்டி நடந்தது. எடின்பரோ வென்றது, ‘ஸ்காட்ச் ஆட்டம்’ என்ற ஓப்பனிங்குக்கு அதிலிருந்துதான் பெயர் வந்தது. லண்டனில் நடந்ததன் எதிரொலி மதராஸுக்கு எத்தனையோ ஆண்டு கழித்து வந்து சேர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஏறக்குறைய ஒரே நேரத்தில் இங்கேயும் அதே வேலை நடந்துகொண்டிருந்தது.

தபால் ஆட்டத்துக்கென்று ஒரு குணம் உண்டு. நேருக்கு நேர் ஆடும்போது தாக்குபவருக்கு எதிராளியின் பதற்றம் பாதி பலம் தரும். தபாலில் அது கிடையாது. எதிராளிக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் பலகையை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் உண்டு. அதனால் தபால் ஆட்டம் ஆடிப் பழகியவர் தன் தாக்குதலின் ஓட்டைகளைத் தானே முதலில் தேடியாக வேண்டும். ஆட்டங்களையும் ஓர் ஓப்பனிங்கின் முழு ஆராய்ச்சியையும் ஒரே நூலில் சேர்த்து வெளியிட்டதற்குப் பின்னால் இந்தப் பழக்கம் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜேம்ஸ் காக்ரேன் என்ற பெயரைக் கேட்டதும் வடசென்னைக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். கொருக்குப்பேட்டைப் பக்கம் காக்ரேன் பேசின் ரோடு இருக்கிறது. அந்தப் பெயர் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரரால் வந்தது. கறுப்பர் நகரத்திலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைல் தூரத்துக்கு 1806-இல் கால்வாய் வெட்ட முதல் போட்டவர் அவர். வெகுகாலம் அதற்குக் காக்ரேன் கால்வாய் என்றே பெயர், 1878-இல்தான் பக்கிங்காம் கால்வாய் ஆனது. மணலி புதுநகருக்குக் கிழக்கே, எண்ணூரைப் பார்த்து இன்று அழுக்கைச் சுமந்து கிடக்கிறதே, அதே கால்வாய். சதுரங்க நூலின் காக்ரேன் வேறு, கால்வாயின் காக்ரேன் வேறு. மூன்றாவதாக ஒரு காக்ரேனும் உண்டு. கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த ஜான் காக்ரேன். சதுரங்க உலகம் நன்கு அறிந்தவர் இந்த மூன்றாமவர்தான், ஜேம்ஸையும் ஜானையும் ஒருவரென்று குழப்பிக்கொள்பவர்களும் உண்டு.

ஜான் காக்ரேனின் கதை குலாம் காசிமின் கதைக்கு மறுபாதி. 1848 வாக்கில் கல்கத்தா செஸ் கிளப்பில் அவருக்குச் சமமான எதிராளி கிடைக்கவில்லை. அப்போது வங்கத்துக் கிராமம் ஒன்றில் தோல்வியே அறியாத ஒருவர் இருக்கிறார் என்று செய்தி வந்து, அவரை அழைத்து வந்தார்கள். மகேஷ் சந்திர பானர்ஜி. அதன்பின் இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார்கள். மகேஷ் சந்திரர் ஐரோப்பிய விதிகளைக் கற்றுக்கொண்டார், ஆனால் சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தி, பிஷப்பை ஓரத்தில் குதிரை வரிசையில் நிறுத்தி, எதிராளியை நடுவில் பரவ விட்டுப் பிறகு உடைக்கும் நம் ஊர் முறையை விடவில்லை. ‘இந்தியத் தற்காப்பு’ என்று பின்னால் உலகம் முழுக்க அழைக்கப்பட்ட ஓப்பனிங் குடும்பத்தின் வேர் அங்கே இருக்கிறது. 1922-இல் எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்டு புகழாக்கி, அவர் பெயரையே பெற்ற தற்காப்பை மகேஷ் சந்திரர் 1855-இலேயே காக்ரேனுக்கு எதிராக ஆடியிருக்கிறார். அந்த ஆட்டத்தில் அவர் தோற்றார். எப்படித் தோற்றார் தெரியுமா? காக்ரேனின் குதிரை பாய்ந்து, நாம் மேலே பார்த்த அதே கட்டத்தில், கறுப்பு ராஜாவின் பக்கத்து பிஷப் முன் இருந்த சிப்பாயை வெட்டியது. காக்ரேன் பெயரில் இன்று வழங்கும் காம்பிட்டும் நான்காவது நகர்த்தலிலேயே அதே கட்டத்தில் குதிரையைக் கொடுப்பதுதான். 1848-இல் மகேஷ் சந்திரருக்கு எதிராக அதை ஆடினார்.

கல்கத்தாவில் இந்தியர் தற்காத்தார், ஐரோப்பியர் தாக்கினார். அதனால் இந்தியர்கள் பொறுமையாகச் சுற்றி வளைத்து ஆடுபவர்கள் என்றொரு எண்ணம் சதுரங்க எழுத்துகளில் ஊறிவிட்டது. 1929-இல் லண்டன் போய் மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆன பஞ்சாபின் மீர் சுல்தான் கானின் நிதானமான ஆட்டமும் அதற்கு வலுச் சேர்த்தது. மதராஸ் நூல் அந்த எண்ணத்துக்கு 1829-இலேயே எழுதி வைத்த பதில். ஐரோப்பிய ஆட்டங்களிலேயே மிக மூர்க்கமான ஒன்றை ஓர் இந்தியர் உள்ளே புகுந்து ஆராய்ந்திருக்கிறார். லண்டனில் லா பூர்தொன்னேவும் மெக்டொனல்லும் 85 ஆட்டங்கள் மோதிய புகழ்பெற்ற தொடர் நடந்தது 1834-இல். அதில் மெக்டொனல், குலாம் காசிமின் வழிக்கு அடுத்த வாசல் போன்ற இன்னொரு வழியை ஆடி அதற்குத் தன் பெயரை விட்டுப்போனார். குதிரையைத் தொடாமல், இன்னொரு குதிரையை வெளியே கொண்டுவருவது. மதராஸ் நூல் அதற்கு ஐந்தாண்டு மூத்தது.

மதராஸ் நூலுக்கும் முன்னோடி உண்டு. 1814-இல் பம்பாயில் திருவேங்கடாச்சார்ய சாஸ்திரி என்பவரின் சதுரங்க நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சமஸ்கிருத மூலத்திலிருந்து, ஐரோப்பிய ஆட்ட முறைக்கு ஏற்றபடி அமைத்த புதிர் நிலைகளின் தொகுப்பு. பெயரே தெற்கத்தியப் பெயர். இரண்டு விதிமுறைகளுக்கும் நடுவே நின்று வேலை செய்த அறிஞர்கள் ஒரு தலைமுறையாகவே இங்கே இருந்திருக்கிறார்கள் என்பதற்கு இந்த இரண்டு நூல்களும் சாட்சி.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாக்குதல் ஆட்டத்தின் பொற்காலம். 1851-இல் லண்டனில் அடோல்ஃப் ஆண்டர்சன், கீசெரிட்ஸ்கியோடு ஆடிய ஆட்டத்தில் ஒரு பிஷப், இரண்டு யானை, கடைசியில் ராணி என்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மிச்சமிருந்த சிறு காய்களால் செக்மேட் கொடுத்தார். ‘சாகாவரம் பெற்ற ஆட்டம்’ என்று அதைச் சொல்கிறார்கள். அதுவும் முஸியோவின் குடும்பம்தான், ராஜாவின் பக்கத்து பிஷப் முன் சிப்பாயை இரண்டாவது நகர்த்தலிலேயே கொடுத்துத் தொடங்குவது. 1858-இல் பாரிஸ் ஆப்பெரா அரங்கில் பால் மார்ஃபி ராணியைக் கொடுத்து யானையால் முடித்த ஆட்டத்தை இன்றும் உலகெங்கும் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மணலி புதுநகரில் ஞாயிறு காலைகளில் சில பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். பொன்னேரி நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் போகிற சத்தம் உள்ளே வரை கேட்கும். அங்கே முஸியோவை வைத்துக் காட்டியபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: “சார், போன்ல போட்டுப் பாத்தேன். இன்ஜின் இது தப்புன்னு காட்டுது சார். அப்புறம் ஏன் இத படிக்கணும்?” நல்ல கேள்வி. பதிலைச் சொல்லாமல், கறுப்புக் காய்களை அவனிடம் கொடுத்து, போன் இல்லாமல் தற்காத்துக் காட்டச் சொன்னேன். எட்டாவது நகர்த்தலிலேயே அவன் ராஜா திறந்த வெளியில் நின்றது. ராணியை வெளியே கொண்டுவர அவனுக்குத் தோன்றவில்லை. வெட்டி எடுத்த குதிரையைக் கடைசி வரை கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றே நினைத்தான். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தும் தப்பிக்கலாம் என்ற யோசனை வரவில்லை. அந்த யோசனை யாருக்கும் சுலபத்தில் வராது. ஐரோப்பாவுக்கே அது வர அரை நூற்றாண்டு ஆயிற்று.

கறுப்பு செய்ய வேண்டியது, ராணியை வெள்ளை ராணிக்கு எதிரே அதே நெடுவரிசைக்குக் கொண்டுவருவது. வெள்ளை அதற்கும் அசராமல் நடுவில் இன்னொரு சிப்பாயைக் கொடுத்து வரிசைகளைத் திறக்கும். லூயிஸ் பால்சன் போன்றவர்கள் அந்த நிலையில் நிதானமாகக் காய்களை வெளியே கொண்டுவரும் வழிகளைத் தேடித் தந்தார்கள். ஆதாயங்களைச் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்த பிறகே தாக்குதல் நியாயமாகும் என்ற கோட்பாட்டை வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் கட்டியெழுப்பினார். அதன்பின் முஸியோ பெரிய போட்டிகளிலிருந்து மெல்ல விலகிப்போனது. 1960-இல் ஸ்பாஸ்கியிடம், முஸியோவின் தாய் ஆட்டமான ராஜா காம்பிட்டில் தோற்ற பாபி ஃபிஷர், மறு வருஷமே அந்தக் காம்பிட்டை உடைத்துவிட்டதாக ஒரு கட்டுரை எழுதினார். உடைந்துவிட்டது என்று சொன்ன ஃபிஷரே பிறகு அதை வெள்ளையில் ஆடவும் செய்தார்.

ஆகவே இன்ஜின் சொல்வது சரி, ஆனால் பையன் கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது. 1829-இல் முஸியோ ‘தப்பு’ இல்லை. அதைத் தப்பாக்கும் அறிவு அப்போது யாரிடமும் முழுமையாக இல்லை. அந்த அறிவு எப்படி, யார் வழியாக, எத்தனை தோல்விகளுக்குப் பிறகு வந்தது என்பதுதான் சதுரங்கத்தின் வரலாறு. இன்ஜின் தரும் எண்ணில் அந்த வரலாறு இல்லை. அன்று குதிரையை வெட்டி எடுத்துவிட்டுத் தவித்த ஒவ்வொருவரும் அந்த அறிவுக்கு விலை கொடுத்திருக்கிறார்கள்.

சென்னை தன் முதல் பெரிய கிளப்புக்கு மிகைல் டாலின் பெயரை வைத்தது எனக்கு எப்போதும் பொருத்தமாகவே படுகிறது. 1960-இல் பாட்வின்னிக்கை வென்று உலக சாம்பியனான டால், கணக்குக்கு அடங்காத நிலைகளை வேண்டுமென்றே உருவாக்கி எதிராளியை அதற்குள் இழுத்துப்போனவர். கிளப்பை நடத்திய மானுவேல் ஆரோனோ நேர்மாறான, கட்டுக்கோப்பான ஆட்டக்காரர். ஒன்பது முறை தேசிய சாம்பியன், 1962 ஸ்டாக்ஹோம் இன்டர்சோனலில் லாயோஷ் போர்டிஷையும் வொல்ஃப்காங் ஊல்மனையும் வீழ்த்தியவர். ஆழ்வார்ப்பேட்டையில் இருந்த அந்தக் கிளப்பில் சோவியத் நூல்களும் இதழ்களும் கிடைத்தன. பிளிட்ஸ் ஆட்டத்தில் தோற்றவர் எழுந்துகொள்ள வேண்டும், வென்றவர் உட்கார்ந்தே இருக்கலாம். வரிசையில் காத்திருக்கப் பிடிக்காத சிறுவன் ஆனந்த் எழுந்துகொள்ளாமல் இருப்பதற்காகவே வேகமாக வெல்லக் கற்றுக்கொண்டான்.

அந்தச் சிறுவன் பழைய தாக்குதல் ஆட்டங்களை எப்படி உள்ளே வைத்திருந்தான் என்பது 2013 ஜனவரியில் தெரிந்தது. நெதர்லாந்தின் வைக் ஆன் ஸேயில் லெவோன் அரோனியனுக்கு எதிராக ஆனந்துக்குக் கறுப்புக் காய்கள். அரோனியனின் குதிரை ஆனந்தின் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை வெட்டி உள்ளே நுழைந்தது. ஆனந்த் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு குதிரையை வெள்ளை ராஜாவின் வாசலுக்கு அனுப்பினார். ஒரு பிஷப் நீண்ட மூலைவிட்டத்தில் ஏற்கனவே காத்திருந்தது, இன்னொன்று நடுவழியாக வந்தது. அடுத்த குதிரையையும் நடுவில் கொண்டுவந்து வெட்டுக் கொடுத்தார். தன் யானையை எதிராளி எடுத்துக்கொள்ளவும் விட்டார். 23-ஆவது நகர்த்தலில் அவருடைய பிஷப் ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்ததும் அரோனியன் கை கொடுத்துவிட்டார். 1907-இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவிக்கு எதிராக அகிபா ரூபின்ஸ்டைன், அவரும் கறுப்பில்தான், ராணியைக் கொடுத்து வென்ற ஆட்டத்தைத் தெரிந்தவர்கள் அதே இரண்டு பிஷப்புகளை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் ஆனந்தும் ரூபின்ஸ்டைனையே நினைவுகூர்ந்தார். 106 ஆண்டு பழைய ஆட்டம் ஒரு சென்னைக்காரரின் நினைவில் உயிரோடு இருந்து, உலகின் மிக வலுவான எதிராளிகளில் ஒருவருக்கு எதிராக வேலை செய்திருக்கிறது.

குலாம் காசிம் 1844-இல் இறந்தார். அவர் பெயர் ரஷ்ய, ஜெர்மன், ஆங்கில ஓப்பனிங் நூல்களில் இருக்கிறது, நம் பாடப்புத்தகத்தில் இல்லை. 2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்தையே சதுரங்கப் பலகையாக்கினோம், திருப்பூவனூர் கோயிலின் சதுரங்க வல்லபநாதர் வரை தேடிப்போய்ப் பேசினோம். தெய்வத்தோடு தொடங்கியவர்கள் நேரே ஆரோனுக்கு வந்துவிட்டோம். நடுவே பெயரும் ஆண்டும் நூலும் உள்ள ஒரு மனிதரைத் தாண்டிப் போய்விட்டோம். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, அங்கே கும்பெனிக் காலத்துக் கோப்புகள் மலையாகக் கிடக்கின்றன. அந்தக் கால மதராஸ் செய்தித்தாள்களும், ஆற்காட்டு நவாப் அரண்மனையைச் சுற்றி உருவான பாரசீக, உருதுப் பதிவுகளும் உண்டு. வரலாறு படிக்கும் மாணவர் ஒருவர் இதைத் தன் ஆய்வாக எடுத்துக்கொண்டு இரண்டு வருஷம் உட்கார்ந்தால், இந்தக் கட்டுரையைவிடப் பல மடங்கு எழுத முடியும். ஜேம்ஸ் காக்ரேனின் பணிப்பதிவேடுகளிலிருந்து தொடங்குவது நல்லது. அதிகாரியின் தடத்தைப் பிடித்தால் அவரோடு பலகைக்கு எதிரே உட்கார்ந்தவரின் தடமும் கிடைக்கக்கூடும்.

அந்த மதராஸ்–ஹைதராபாத் போட்டிக்கு 2028-இல் 200 வயது ஆகிறது. ஹைதராபாத் பக்கம் ஹரிகிருஷ்ணா, ஹரிகா, அர்ஜுன் எரிகைசி எனத் தெலுங்கு மண்ணின் வலுவான அணி இருக்கிறது. நம் பக்கம் சொல்லவே வேண்டாம். பெரியவர்கள் ஆடட்டும், நல்லது. அதோடு பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு போட்டி வைக்கலாம். இரண்டு ஆட்டம், அஞ்சலட்டையில் மட்டும், ஒரு ஆட்டத்தில் சென்னைக்கு வெள்ளை, மற்றதில் ஹைதராபாத்துக்கு. இன்ஜினைத் தொடக் கூடாது என்ற ஒரே நிபந்தனை. முதல் நான்கு நகர்த்தல்களை இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு முஸியோ நிலையிலிருந்து தொடங்கலாம். குதிரை ஆபத்தில் நிற்கும். கேஸ்லிங் செய்வதா, குலாம் காசிம் சொன்னபடி ராணிச் சிப்பாயைத் தள்ளுவதா என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்து எழுதட்டும். எங்கள் ஞாயிறு வகுப்பில் இதைச் சொன்னதும், முன்பு கேள்வி கேட்ட அதே பையன் வெள்ளை தனக்குத்தான் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறான்.